வெள்ளிக்கு வந்தவர்கள்

கருவேலந்துறை உப்பளத்தில் உப்புத்தண்ணீர் தேக்கப் புதுக்குழி வெட்டும்போது சுயம்புக்கனியின் மண்வெட்டி ஒரு பானையின் கழுத்தில் போய் இடித்தது. இடித்த வாயிலிருந்து வெள்ளிக்காசு நெல் சரிவதுபோலச் சரிந்தது, கூட வெட்டிய பொம்பளைகள் அத்தனை பேரும் முந்தானையை விரித்துவிட்டார்கள். அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. கரையில் கட்டை ஒதுங்கட்டும், செத்த சுறா ஒதுங்கட்டும், அந்த நேரத்தில் அங்கே நின்ற தலைக்கெல்லாம் சரிபங்கு, ஒருத்தரை விட்டாலும் அடுத்த தடவை கடல் கையை மூடிக்கொள்ளும். மண்ணுக்குள்ளிருந்து வந்ததுக்கும் அதே வழக்கம்தான் என்று முடிவு பண்ணி, நின்றவளுக்கெல்லாம் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டார்கள். அந்தச் சரிபங்குதான் ஊரைக் கெடுத்தது, ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? காசு கிடைத்த சந்தோஷத்தில் எல்லாரும் கருப்பட்டி வாங்கிப் பானகம் கரைத்துக் குடித்தார்கள்.

மற்றவளுகளுக்கு ஓடு மாற்றணும், மகளைக் கட்டிக்கொடுக்கணும், மருமகனுக்கு வண்டி எடுக்கணும் என்று ஆளுக்கொரு கணக்கு. சுயம்புக்கனிக்கு ஒரே கணக்குத்தான், மகள் சந்தனமாரியைத் திருப்பிக் கொண்டுவரணும். உப்பு லாரி சரிந்து புருசன் போய்ச் சேர்ந்த வருசம், புரோக்கர் அல்போன்ஸ் அண்ணாச்சி வந்து, அரபு நாட்டில் தங்கமான குடும்பம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற லேசான வேலை என்று தேனாகப் பேசி, முன்பணம் என்று ஒரு நோட்டுக்கட்டை அவள் கையில் வைத்துவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் சிரிக்கிற போன் வந்தது, பிறகு அழுகிற போன் வந்தது, பிறகு போனே வரவில்லை. அந்த நோட்டுக்கட்டை அவள் பிஸ்கட் டப்பாவில் போட்டு அடுப்பங்கரையில் குழிதோண்டிப் புதைத்து, மேலே அடுப்பைத் தூக்கி வைத்துவிட்டாள். கஞ்சிக்கு வழியில்லாத நாளிலும் அதைத் தோண்டவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சில பணம் அப்படித்தான், தொட்டால் கை கூசும்.

பங்கு வைத்த மறுநாள் விடிந்ததும் கடலிலிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். ஆம்பளையும் பொம்பளையுமாக, வைக்கோல் நிறத் தலைமுடியோடு சிலர், நம்மைப்போல் கருத்த மேனியோடு சிலர், உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்டப் பாத்திவரப்பு மேலேயே வரிசையாக நடந்து, வழி கேட்காமல் ஊருக்குள் நுழைந்து, எந்த வீட்டில் வெள்ளி இருந்ததோ அந்தந்த வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்கள். சுயம்புக்கனியின் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி, வாசலில் நின்ற சிவப்புத் தாடிக்காரனைக் கண்டு வீல் என்று கத்தி, கையிலிருந்த விளக்குமாற்றை அவன் மேல் வீசினாள். அவன் குனிந்து அதை எடுத்து வாசலைப் பெருக்க ஆரம்பித்தான். பெருக்கி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தான்.

"எக்கா, இங்க வந்து பாரேன், இவன் சொன்ன வேலையெல்லாம் செய்யுதான்!" என்று செல்லக்கிளி கூப்பிட்டபோது அவள் குரலில் பயம் பாதிகூட மிச்சமில்லை.

சுயம்புக்கனி எப்படிப் போய்ப் பார்ப்பாள், அவள் வாசலிலேயே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பதினெட்டு வயசு இருக்கலாம். கருத்த பெண், காது வளர்த்துத் தோள் தொட்டுத் தொங்கியது, கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்த தழும்பு. இவளைப் பார்த்தால் இந்தக் கரையிலேயே பிறந்தவள் என்று கண்ணைக் கட்டிக்கொண்டும் சொல்லலாம். சுயம்புக்கனி நல்ல துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினாள். துண்டு நனைந்தது, தலை காயவில்லை.

ஊர்கூடிப் பூசாரியைக் கேட்டார்கள். அவர் வந்தவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "செத்தவன்னா காலு தரையில படாது, இவிய காலு சேத்துல பதியுது. இருக்கவன்னா ஈரம் காயும், இவியளுக்குக் காயல. ரெண்டுங்கெட்டான் கேஸு. தீட்டு கெடையாது, படையலும் வேண்டாம். தின்னாப் போடுங்க, திங்காட்டி விடுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். ரேஷன் கடையில் அட்டை இல்லாதவர்களுக்கு அரிசி கிடையாது என்றார்கள். கட்சிக்காரர்கள் சால்வையோடு வந்து, ஓட்டு இல்லை என்று தெரிந்ததும் சால்வையோடு திரும்பிப் போனார்கள். வாரம் திரும்புவதற்குள் வந்தவர்கள் ஊரில் வேப்பமரம் மாதிரி ஆகிவிட்டார்கள், யாரும் நின்று பார்ப்பதில்லை.

ஒரு கிழவன் மட்டும் எந்த வாசலுக்கும் போகாமல் நடுத்தெருவில் நின்றான். அவனுடைய வெள்ளி சரிபங்கில் பிரிந்து பாதி செல்லக்கிளி வீட்டிலும் பாதி எதிர்வீட்டிலும் கிடந்தது, அதனால் இரண்டு வாசலுக்கும் நடுவில், வெயிலில், தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நின்றான். சைக்கிள்காரர்கள் மணியடித்து விலகிப் போனார்கள்.

சங்கதி காதுக்குக் காது போய், பழங்காசு படிக்கிற மேடம் ஒருத்தர் மாவட்டத்திலிருந்து ஜீப்பில் வந்தார். ஊரார் ஒருபிடிக் காசை மட்டும் காட்டி, கிடைத்ததே இவ்வளவுதான் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணினார்கள். மேடம் காசைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

"இதுக்குப் பேரு திர்ஹம். பாக்தாத், சமர்கந்துன்னு அந்தப் பக்கத்து ஊர்கள்ல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அடிச்சது."

"திர்ஹமா? நம்ம பயலுவ இப்பமும் அதத்தான மேடம் சம்பாதிக்கப் போயிருக்கானுவ!" என்றாள் செல்லக்கிளி.

"பேரு மாறலைம்மா. ஆனா இந்தக் காசு எங்கெல்லாம் போச்சு தெரியுமா? ஒட்டகத்துல போயி, ஆத்துல படகேறி, வடக்கே பனி விழுற கடல் வரைக்கும் போச்சு. அங்கே ஒரு தீவுல இன்னைக்கும் உழுறப்ப கலப்பையில இதே காசு பானை பானையா மாட்டுது. இந்தா, விளிம்புல கீறல் இருக்கு பாருங்க. வெள்ளி சுத்தமான்னு அங்கே உள்ளவங்க கத்தியால கீறிப் பார்த்தது. அப்படின்னா இது அவ்வளவு தூரம் போயி, திரும்பி, கப்பலேறி உங்க கரைக்கும் வந்திருக்கு. அந்தக் காலத்துலயே உலகம் எவ்வளவு ஒட்டிக் கிடந்திருக்கு பாருங்க!"

"அவ்வளவு வெள்ளிக்கு அந்தப் பனிக்காரன் என்னத்தக் குடுத்தான்?" என்று கேட்டாள் சுயம்புக்கனி.

மேடத்தின் சிரிப்பு நின்றது. "தோலு, மெழுகு, தேனு…" என்று இழுத்தார். வாசலில் நின்றவர்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "ஆளுங்க. நிறைய ஆளுங்க. கொள்ளையடிச்சுப் பிடிச்சு வித்த ஆளுங்க. இந்தக் கரையிலயும் யாரோ அதே மாதிரி வித்துத்தான் வாங்கியிருப்பாங்க போல."

"வித்தவன் ஏன் மேடம் செலவழிக்காம பொதச்சான்?"

"சண்டை வந்திருக்கும், திருடன் பயம் இருந்திருக்கும். பிறகு வந்து எடுத்துக்கலாம்னு புதைச்சிருப்பாங்க, வர முடியாமப் போயிருக்கும். அப்படித்தான் எழுதுவோம்."

சுயம்புக்கனிக்கு அடுப்புக்கு அடியில் கிடக்கிற டப்பா ஞாபகம் வந்தது. மேடம் அந்த ஒருபிடிக் காசை உறையில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போனார், அந்தக் காசுக்குரிய இரண்டு பேரும் ஜீப்புக்குப் பின்னாலேயே நடந்து போனார்கள். இப்போதும் அந்த ஆபீஸ் வராந்தாவில்தான் நிற்கிறார்களாம், வாட்ச்மேன் டீ வாங்கி வைப்பாராம்.

வந்தவர்கள் சொன்ன வேலையைச் செய்வார்கள் என்றால் அளத்து வேலையைச் சொன்னால் என்ன என்று யாருக்கு முதலில் தோன்றியதோ, மறுநாளே எல்லாருக்கும் தோன்றிவிட்டது. உப்பில் நின்றால் நமக்குக் கால் வெடிக்கும், கண் கூசும், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூலி கேட்கவில்லை, நிழல் கேட்கவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பொம்பளைகள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பகலில் காலை நீட்டிப் படுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது, அந்தப் பாதங்களைப் பார்த்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் காலை நீட்டினவள் கொஞ்சநாளில் வாயையும் நீட்டினாள், "ஏய், வெரசா வாரு! சோம்பேறி நாயி!" என்று முன்பு கங்காணி தங்களை ஏசிய அதே ஏச்சை வரப்பில் நின்று இவர்கள் ஏசினார்கள்.

அள முதலாளி தவசிமுத்து பொறுத்திருந்து பார்த்தார். காசு எந்தக் கைக்குப் போகிறதோ ஆளும் அந்தக் கைக்குப் போவான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வெள்ளி விலைக்கு மேலேயே தருகிறேன் என்று ஆள்விட்டுச் சொன்னார். ஊரில் ஆசாரியைக் கூப்பிட்டு முதலில் தரம் பார்த்தார்கள். ஆசாரி ஒரு காசின் ஓரத்தில் அரத்தை வைத்து ராவினார், சிவப்புத் தாடிக்காரன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், ரத்தம் வரவில்லை, ஆனால் தோளில் ஒரு வெட்டு. அவன் உடம்பில் அதுபோலப் பழைய வெட்டுகள் நிறைய இருந்தன. ஒருத்தி பேரனுக்கு அரைஞாண் பண்ண ஆசைப்பட்டுத் தன் பங்கை உருக்கினாள். உருகின வெள்ளியில் எழுத்தெல்லாம் அழிந்தது, அவள் வாசலில் நின்றவளுக்குக் கண்ணும் மூக்கும் வாயும் அழிந்து முகம் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் யாரும் வெள்ளியை உருக்கவில்லை. விற்பதே மேல் என்று விற்றார்கள். நடுத்தெருக் கிழவனின் இரண்டு பாதியும் முதலாளியின் ஒரே இரும்புப்பெட்டிக்குள் போனதும் அவன் தலையை ஆட்டுவதை நிறுத்திவிட்டு அளத்தைப் பார்த்து நடந்தான்.

சுயம்புக்கனி மட்டும் விற்கவில்லை. அந்தக் காது வளர்த்தவளை அவள் அளத்துக்கு அனுப்பவும் இல்லை. முன்னால் உட்கார வைத்துத் தலை சீவிவிடுவாள், சீவச் சீவத் தண்ணீர் வடியும். "எம்மவளுக்கும் இப்படித்தான், எண்ணெய் வச்சாலும் அடங்காத முடி" என்பாள். அப்படி இருக்கையில்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அல்போன்ஸ் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, எம்பிள்ளய எனக்குத் தந்துருங்க. என்ன செலவானாலும் தாறேன்."

"ஏ தங்கச்சி, அவுத்துவிட்ட ஆட்டக் கூப்பிடுத மாதிரிக் கூப்பிடுதியே. அந்த அரபிக்குக் கட்டணும், ஏசண்டுக்குக் கட்டணும், டிக்கெட்டு இருக்கு. ஒங்கிட்ட ஏது அவ்வளவு?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "வெள்ளி வச்சிருக்கியாமே" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. காசை மடியில் கட்டிக்கொண்டு தவசிமுத்து வீட்டுக்கு நடந்தாள், அந்தப் பெண்ணும் பின்னாலேயே நடந்தாள். "பெத்த பிள்ளைக்காகத்தாட்டி, நீ யாரு பெத்த பிள்ளையோ, என்ன மன்னிச்சுரு" என்று வழியெல்லாம் முன்னால் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். காசு இரும்புப்பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டதும் அந்தப் பெண் திரும்பி அளத்தைப் பார்த்துப் போனாள். நன்றாகச் சீவிப் பின்னிவிட்ட தலையோடு போனாள்.

அல்போன்ஸ் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஆடிக்கு வருவாள் என்றார், ஆடி போனது. ஆவணிக்கு என்றார், அதுவும் போனது. இனி என்ன இருக்கிறது என்று சுயம்புக்கனி அடுப்பைத் தூக்கி நகர்த்தினாள், குழியைத் தோண்டினாள், பிஸ்கட் டப்பாவை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய், அவர் வீட்டு முற்றத்தில் திறந்து வைத்தாள்.

"இந்தாங்க அண்ணாச்சி, நீங்க தந்த கட்டு. ரப்பர் பேண்டக்கூட அவுக்கல. நீங்க தந்தது ஒங்களுக்கு, எம்பிள்ள எனக்கு. சரியாப்போச்சா?"

அல்போன்ஸ் அந்தக் கட்டைப் பார்த்தார். பணம் என்றால் பாம்பு வாய்க்குள்ளும் கையை விடுகிற மனிதர், இரண்டடி பின்னால் போனார். "அத வெளிய எடுக்காதம்மா. கொண்டு போயி இருந்த எடத்துலயே வையி" என்றார். அவர் கண் அவளைப் பார்க்கவே இல்லை. அவர் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதே சங்கதி புரிந்திருக்கணும், ஆனாலும் பெற்றவள் மனசு, அதை நம்பாமல் சுயம்புக்கனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் கடலிலிருந்து இன்னொரு ஆள் வந்தது. கரையில் நின்ற பொம்பளைகள், எல்லார் வெள்ளியும் விற்றாகிவிட்டதே, இது யார் வீட்டுக்கு என்று பேசிக்கொண்டார்கள். நீளமான கறுப்பு அங்கி தண்ணீரில் ஊறிக் காலில் ஒட்ட, அது தவசிமுத்து வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே கீழத்தெருவுக்கு வந்தது. செல்லக்கிளிதான் முதலில் பார்த்தாள். "எக்கா… எக்கா, வெளிய வராத, நான் சொல்லுதேன் கேளு, வெளிய வராத!" என்று கதறிக்கொண்டே ஓடிவந்தாள்.

சுயம்புக்கனி வெளியே வந்துவிட்டாள். வாசலில் சந்தனமாரி நின்றாள். மணிக்கட்டில் இவள் கட்டி அனுப்பிய கோயில் கயிறு அப்படியே இருந்தது.

"எட்டி, மாரி! வாட்டி உள்ள."

வந்தாள்.

"உக்காரு."

உட்கார்ந்தாள். அந்த உட்காருதலில், சொன்னவுடன் முழங்கால் மடங்கிய அந்த வேகத்தில், சுயம்புக்கனிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொன்ன பேச்சு ஒன்றுகூடக் கேட்காத பிள்ளை அது, தண்ணீர் எடுக்கப் போ என்றால் தாயம் விளையாடப் போகிற பிள்ளை. இனி எழுந்திரு என்றால் எழுந்திருக்கும். அவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, எதையும் சொல்லிவிடக் கூடாதென்று வெகுநேரம் அப்படியே இருந்தாள். ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஒரே ஒரு தடவை என்று கையை எடுத்து, "அம்மான்னு கூப்பிடுட்டி" என்றாள்.

பிள்ளை வாயைத் திறந்தது. உள்ளிருந்து கடல்தண்ணீர் கொடகொடவென்று மடியில் கொட்டியது. மறுபடி திறந்தது, மறுபடி கொட்டியது. "வேண்டாம், வேண்டாம், சொல்லாத, எந்தாயி, சொல்லாத!" என்று அலறினாள் சுயம்புக்கனி. அதையும் பிள்ளை கேட்டது.

அடுப்பை மூட்டிப் பக்கத்தில் உட்கார வைத்தாள், இருக்கிற சீலையெல்லாம் போர்த்தினாள், பிள்ளை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஈரம் காயவில்லை. மதியத்துக்குத் தவசிமுத்தே வாசலுக்கு வந்துவிட்டார்.

"நோட்டுக்கும் ஆளு வருமா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்று எட்டிப் பார்த்தார். "கட்டோட குடு சுயம்பு. ரெண்டு மடங்கு தாறேன்."

"எம்மவளுக்கா வெல பேசுத? நீ வெளங்குவியா? ஒன் வீட்டுல வெளக்கெரியுமா?"

"ஏன் கத்துத? விக்காதவளா நீ?" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

கத்தினவள் குரலை இறக்கி, "அந்தக் காது வளத்த பிள்ளையோட காசத் திருப்பித் தாங்க மொதலாளி. ஒங்க அளத்துல சாகுமட்டும் சும்மா வேலை செய்யுதேன்" என்று கைகூப்பினாள். பெட்டிக்குள் போனது போனதுதான் என்று சொல்லிவிட்டு அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தைத் தாண்டிப் போனார்.

பிறகு அவள் மண்வெட்டியை எடுத்தாள். அந்தக் கட்டைச் செலவழித்தால் பிள்ளை கடைக்காரன் வீட்டு வாசலில் நிற்கும், எரித்தால் அந்த முகம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், வெளியே வைத்திருந்தால் இந்த நடுக்கம் நிற்காது. இத்தனை காலத்துக்கு முன்னால் இதே கரையில் யாரோ ஒருவன், வாசலில் நின்றவர்களைப் பார்க்கப் பொறுக்காமல், இதே மாதிரிக் குனிந்து வெட்டியிருப்பான். மேடம் அதை எழுதமாட்டார். அவள் பழைய குழியை நெஞ்சளவு ஆழமாக்கி, டப்பாவை இறக்கிவிட்டு, மண்ணைத் தள்ளக் கை வராமல் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அடித்து அடித்து அழுதாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. சந்தனமாரி எழுந்து வந்து, தாய்க்குப் பக்கத்தில் குந்தி, தானாகவே இரண்டு கையாலும் மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள். சொல்லாத வேலையை எடுத்துச் செய்வதுதான் அந்தப் பிள்ளையின் குணம்.

குழி மூடியதும் அவள் நடுக்கம் நின்றது. எழுந்து வெளியே நடந்தாள், சுயம்புக்கனியும் கூடவே நடந்தாள், தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. அளத்தின் நடுவரப்பு வழியாகப் போகும்போது, பாத்திகளில் உப்பு வாரும் பலகை இழுத்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். காது வளர்த்தவள் வரப்போரம்தான் நின்றாள், சுயம்புக்கனி போட்ட பின்னல் இன்னும் அவிழாமல் இருந்தது. சந்தனமாரி அவளருகே நின்றாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சந்தனமாரி கடலுக்குள் இறங்கினாள், முட்டளவு, இடுப்பளவு, கழுத்தளவு, அவ்வளவுதான்.

காது வளர்த்தவள் பலகையைக் கீழே போட்டுவிட்டு அவள் பின்னால் இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டு வரவில்லை. அவள் விலை இரும்புப்பெட்டிக்குள் இருந்தது. அவள் திரும்பிச் சுயம்புக்கனியைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, குனிந்து பலகையை எடுத்துக்கொண்டாள்.